பல்வலியும் ஃபைனல் செக்கிங்கும்

1. முதல் நாள்

பிள்ளைகளா, உங்கள் அப்பா நான் ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது கம்பெனியில் காருக்குப் பிரேக் பைப் செய்தார்கள். என்னை ஃபைனல் செக்கிங்கில் நிறுத்தினார்கள். பீஸ் வந்ததும் ஒவ்வொரு இடமாக விரல் காட்டி, "கிளிப் ஓகே, நட் ஓகே, கேப் ஓகே" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பிறகுதான் என் ஸ்டாம்ப் அடிக்கலாம்.

எனக்கு வெட்கமாக இருந்தது. சூப்பர்வைசர் மூர்த்தி சார் சொன்னார்: "கண்ணு ஏமாத்தும்பா. வாய் விட்டுச் சொன்னாதான் கண்ணு ஒழுங்கா பாக்கும். சும்மா தலையாட்டிகினு நின்னா பீஸு உன்னப் பாத்து சிரிக்கும்."

2. ஜன்னலில் பிரஷ்

அப்போது சுங்குவார்சத்திரத்தில் ஒரே ரூமில் ஆறு பேர் இருந்தோம். பாத்ரூம் ஒன்றுதான். விடிகாலையில் கிளம்பும் ஏ ஷிப்ட் வாரத்தில் வரிசையில் நின்றால் கம்பெனி பஸ் போய்விடும். வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடுவேன். ராத்திரி வேலையான சி ஷிப்ட் வாரத்தில் விடிந்து வந்து, டீயும் பன்னும் தின்றுவிட்டு அப்படியே படுப்பேன். எழும்போது மத்தியானம். பல் தேய்ப்பது காலை வேலை என்றுதான் ஊரில் பழக்கம். எனக்குக் காலை என்பதே இல்லாமல் போனது. பல் தேய்ப்பதும் அதோடு போனது.

ரூமில் இருந்த கோவில்பட்டி பால்ராஜ் ஒருநாள் ஜன்னலில் கிடந்த என் பிரஷ்ஷை எடுத்துக் காட்டினான். "ஏல, வாங்குனப்ப இருந்த மாதிரியே இருக்கே! கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருவமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஈறில் ரத்தம் வந்தது. உடம்புச் சூடு என்று மோர் குடித்தேன். கடைவாய்ப் பல் குடைந்தது. லவங்கத்தை அடக்கிக்கொண்டு மாத்திரை போட்டேன்.

3. சத்தம் நின்ற நாள்

அந்தச் சமயம் கான்ட்ராக்ட்டில் இருந்த எங்களில் மூன்று பேரை பர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள் என்றார்கள். மூர்த்தி சார் என் பெயரையும் எழுதிக் கொடுத்திருந்தார். இந்த நேரத்தில் லீவு போட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, டாக்டரிடம் போகாமல் இருந்தேன்.

ஒருநாள் கன்னம் வீங்கிவிட்டது. வாயைத் திறந்து காற்றுப் பட்டால் மண்டை வரை இழுத்தது. வாயை மூடிக்கொண்டு விரலை மட்டும் காட்டினேன்.

"இன்னாபா, வாய்ல கொழுக்கட்டையா வச்சிகினு கீற? சவுண்டே காணோம்?" என்றார் சார்.

"ஒண்ணுமில்ல சார்."

இரண்டு பீஸுக்குக் கத்தினேன். அவர் நகர்ந்ததும் நிறுத்திவிட்டேன்.

மறுநாள் கஸ்டமரிடம் இருந்து ஒரு பீஸ் திரும்பி வந்தது. கிளிப் இல்லை. சார் அதை மேஜையில் வைத்துவிட்டு என் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார்.

"உன் ஸ்டாம்ப்புதான?"

"ஆமா சார்."

"பல்லு வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற ஆள நிக்க வச்சிருப்பேனே. இனிமே உனக்காக நான் இன்னானு போய் பேசறது?"

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பர்மனென்ட் லிஸ்ட்டில் என் பெயர் வரவில்லை.

4. டாக்டரம்மா சொன்னது

அதன் பிறகுதான் பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது பக்கம் இரண்டு பல்லைப் பிடுங்கினார்கள். ஷிப்ட் கதையை எல்லாம் சொன்னேன். டாக்டரம்மா, "காலையா சாயந்தரமான்னு பல்லுக்குத் தெரியாதுங்க. எழுந்ததும் ஒரு தடவ, படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ தேய்க்கணும். நீங்க பகல்ல படுத்தா பகல்ல தேய்ங்க" என்றார். இவ்வளவுதான் விஷயம். முன்பே தெரிந்திருந்தால் மூன்று நிமிஷ வேலை.

இன்றும் கான்ட்ராக்ட்டில்தான் இருக்கிறேன். ஸ்டோர்ஸில் டிராலி தள்ளுகிறேன். செக்கிங் பக்கம் போகும்போது யாரோ ஒரு பெண் "கிளிப் ஓகே" என்று கத்துவது கேட்கும். பார்க்காமல் தள்ளிக்கொண்டு போய்விடுவேன். சோற்றை இடது பக்கமாகத்தான் மெல்லுகிறேன். அப்பா ஏன் மெதுவாகச் சாப்பிடுகிறார் என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இதுதான்.

நேற்று நீங்கள் தூங்கிய பிறகு உங்கள் பிரஷ் இரண்டையும் தொட்டுப் பார்த்தேன். தேய்த்துவிட்டோம் என்று சொல்லியிருந்தீர்கள். இரண்டும் காய்ந்திருந்தன.