அளவு ஜாக்கெட் சொன்ன பொய்

போன செவ்வாய்க்கிழமை ஏற்காடு கடைவீதியில், ஒரு தையல் கடையில் நான் சண்டை போட்டேன். சாதாரணச் சண்டை இல்லை... பக்கத்து மளிகைக் கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு.

விஷயம் ஒரு ஜாக்கெட். மச்சினர் மகன் கல்யாணத்துக்காகத் தைக்கக் கொடுத்தது. போட்டுப் பார்த்தால் முதுகுப் பக்கம் மேலே ஏறி நிற்கிறது, முன்பக்கம் சுருண்டு தொங்குகிறது. அளவு ஜாக்கெட் கொடுத்துத்தானே தைத்தது? ஆறு வருஷமாக அதே அளவு ஜாக்கெட், அதே கடை, அதே தையல்காரி ஜமீலா. நாகலூரிலிருந்து பஸ் பிடித்து, மேல் கம்பிக்குக் கை எட்டாமல் தள்ளாடிக்கொண்டு போய் இறங்கினேன். கோபம் வருமா, வராதா?

கை ஏன் எட்டவில்லை என்கிறீர்களா? போன வருஷம் இதே மலைப்பாதையில், கொண்டை ஊசி வளைவில் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. நான் கடைசி சீட்டில். முதுகில் சுளீரென்று ஒரு வலி. சேலத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஆஸ்டியோபோரோசிஸ் — எலும்பு உள்ளுக்குள்ளேயே சல்லடையாகிவிட்டதாம். முதுகெலும்பில் மூன்று எலும்புகள் நசுங்கியிருந்தன.

"இதுல ஒண்ணுதாங்க புதுசு. மத்த ரெண்டும் பழசு" என்றார் டாக்டர்.

பழசா? எனக்கே தெரியாமல் என் எலும்பு எப்போது உடைந்தது? அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதற்கு முன்னால் முதுகுவலி என்று போன இடத்திலெல்லாம் எனக்குக் கிடைத்தது ஒரு தைலமும், "வயசாச்சுல்ல" என்ற சிரிப்பும்தான். அறுபத்தொன்று ஒரு வயசா?

இப்போது நான் இரண்டரை அங்குலம் குள்ளம். விலா எலும்பு இடுப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு கிலோகூட ஏறாமல் தொப்பை. எல்லாப் புடவையும் தரையைக் கூட்டுகிறது. ஞாயிறுதோறும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காபி கூடாது, நிமிர்ந்தே இருக்க வேண்டும். குடியிருப்பது காபித் தோட்டத்து நடுவில், இருப்பது நிமிராத முதுகு... எப்படி இருக்கிறது கதை? போதாததற்கு வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் "நிமிர்ந்து நடங்க" என்று இலவச வைத்தியம் வேறு. நான் என்ன, சோம்பேறித்தனத்திலா குனிந்து நடக்கிறேன்?

சரி, கடைக்கு வருவோம். நான் கத்தி முடிக்கும்வரை ஜமீலா அந்த ஜாக்கெட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "கோவிச்சுக்காதீங்க்கா. நான் ஊருக்குப் போயிருந்தப்ப எங்க நாத்தனார் தெச்சது. அளவு ஜாக்கெட்ட வெச்சு அப்படியே தெச்சுட்டாங்க. நானா இருந்தா..."

"நீயா இருந்தா?"

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அவள் என் அளவு ஜாக்கெட்டை நம்பித் தைத்தே ரொம்ப நாளாகிறதாம். நான் கடையில் போட்டுப் பார்க்கும்போதே கண்ணால் அளந்துவிடுவாளாம். ஒவ்வொரு முறையும் முதுகுக்குக் கொஞ்சம் கூட்டி, முன்பக்கம் கொஞ்சம் குறைத்துத் தைத்திருக்கிறாள்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"மூணு வருசமாச்சுங்க. அந்தத் தீவாளிக்கே முதுகு ஒரு இஞ்சு கூடக் கேட்டுச்சு."

டாக்டருக்குத் தெரியாத கணக்கு தையல்காரிக்குத் தெரிந்திருக்கிறது! ஏன் சொல்லவில்லை என்றேன்.

"ஒரு பொம்பளகிட்டப் போயி முதுகு கூனுதுன்னு எப்படிங்க்கா சொல்றது? நொம்ப வருத்தப்படுவீங்கன்னுதான்..."

மரியாதையாம், மரியாதை! அன்றைக்கே சொல்லியிருந்தால் இந்த மாத்திரையை அப்போதே ஆரம்பித்திருப்பேன். அந்த மூன்றாவது எலும்பாவது தப்பித்திருக்கலாம். அதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அவள் கண் கலங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை, பொய் சொல்வானேன்?

ஆனால் ஒன்று உறுத்தியது. இரண்டு வருஷம் முன்னால் ஒருநாள் அவள் டேப்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அதெல்லாம் எதுக்கு, அளவு ஜாக்கெட்தான் இருக்கே" என்று நகர்ந்துகொண்டது யார்? நான்தான். இடுப்புச் சுற்றளவு தெரிந்துவிடுமே என்ற பயம்.

அவளை டேப்பை எடுக்கச் சொன்னேன். திரும்பி நின்றேன். முழு முதுகையும் அளந்தாள். அளவைச் சத்தமாகச் சொல்லச் சொன்னேன், சொன்னாள்.

அதற்குள் வாழவந்தியிலிருந்து ஒரு பெண் உள்ளே வந்தாள். ஐம்பத்தைந்து இருக்கும். பையிலிருந்து ஒரு பழைய ஜாக்கெட்டை எடுத்து மேஜையில் போட்டு, இதே மாதிரி இரண்டு வேண்டும் என்றாள். ஜமீலா என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அது கிடக்கட்டுமுங்க" என்று டேப்பை எடுத்தாள் ஜமீலா. "செத்த திரும்பி நில்லுங்க. முதுகப் பாக்கோணும்."

என் அளவு ஜாக்கெட்டா? தையல் மிஷின் துடைக்க அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன்.