தோற்ற நாளுக்குக் கேசரி கொண்டுபோனேன்

முதலில் மன்னிப்பு. இந்த இணையப் பக்கத்தில் நான் பஸ் நேரமும் சாப்பாட்டு விலையும்தான் எழுதுவேன். போரைப் பற்றி எழுத எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் ஏப்ரல் 25 பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

என்னோடு வேலை செய்யும் கிளேர் ஆஸ்திரேலியப் பெண். தங்கள் நாட்டின் மிகப் பெரிய நாள், விடிய முதல் வந்துவிடு என்று கூப்பிட்டிருந்தாள். கொண்டாட்டம் என்று நினைத்துவிட்டேன். ஒருவரின் பெருநாளுக்கு வெறுங்கையோடு போவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அம்மா ஒரு பெட்டி நிறையக் கேசரி கிண்டித் தந்தார். நான் சிவப்புச் சுடிதார் போட்டுக்கொண்டேன்.

அந்த நேரத்தில் சப்வே ரயில் ஓடாது என்பதால் அப்பா காரில் கொண்டுபோனார். ஸ்காபரோவில் எங்கள் வீட்டிலிருந்து 24 கிலோமீற்றர். 4.40க்குப் புறப்பட்டு 5.15க்கு நகர நடுவில், டவுன்ரவுனில் இருக்கும் போர் நினைவுத்தூணடிக்குப் போய்விட்டோம். பார்க்கிங் ஆறு டொலர். அப்பா ஹீற்றரைப் போட்டுக்கொண்டு காருக்குள்ளேயே இருந்தார். ஊரில் நடந்த கடைசிப் போரில் சித்தப்பா, அதாவது அவருடைய தம்பி, வன்னியில் காணாமல் போனதிலிருந்து அவர் எந்தக் கூட்டத்துக்கும் இறங்குவதில்லை. சித்தப்பாவின் பெயரையும் சொல்வதில்லை.

கிட்டப் போனதும் என் கால் நின்றுவிட்டது. எண்பது பேரளவில் இருக்கும், எல்லோரும் கறுப்புக் கோட்டு, ஒரு சத்தமில்லை. நடுவில் நான், சிவப்பும் கேசரியுமாக. ஒருவர் வாசிக்கத் தொடங்கினார். 1915இல் இதே நாளில் ஆஸ்திரேலியரும் நியூசிலாந்துக்காரரும் துருக்கியின் கலிப்பொலிக் கரையில் இறங்கினார்கள். எட்டு மாதச் சண்டையில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர் இறந்தார்கள். கடைசியில் பிடித்த கரையையும் விட்டுத் திரும்பினார்கள்.

வென்ற இடம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். அவர் தாளை மடித்துவிட்டார்.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். எனக்கே இது தெரியாது. தோற்றதை நடுவில் வைத்து ஒரு நாடே அதைச் சுற்றி நிற்குமா?

பிறகு ஒவ்வொருவராகப் போரில் இறந்த தங்கள் வீட்டாரின் பெயரைச் சொன்னார்கள். கிளேர் தன் பூட்டனாரின் தம்பி பெயரைச் சொன்னாள். அவருடைய உடல் கிடைக்கவில்லையாம். வருஷா வருஷம் வீட்டில் யாராவது ஒருவர் சொல்லியே தீர வேண்டுமாம்.

எல்லாம் முடிந்து கோப்பி கொடுத்த மேசையில் கேசரிப் பெட்டியை அவளே திறந்து வைத்தாள். ஒரு கிழவர் இரண்டாந்தரமும் எடுத்தார். அப்போது கிளேர் கேட்டாள், உங்கள் வீட்டிலும் யாராவது போரில் போனார்களா என்று.

இல்லை என்றேன். அந்தச் சொல் எவ்வளவு கெதியாக வந்தது!

காரில் அப்பாவுக்கு எல்லாம் சொன்னேன், அந்த 'இல்லை'யைத் தவிர.

"தோத்த சண்டைக்கோ இவ்வளவு சனம்?"

"ஓம் அப்பா."

"நீ அதுக்குக் கேசரியோட போனனி." சிரித்தார். பிறகு, "பேர் சொல்லேக்க அழுதவையோ?"

"சில பேர்."

அவர் ஹீற்றரை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

போக நினைப்பவர்களுக்கு: கடும் நிறத்தில் உடுத்துங்கள். கையுறை கட்டாயம். கால் மணி முந்திப் போங்கள். கேசரி கொண்டுபோகலாம், ஒருவரும் கோபிக்கவில்லை.

கடைசியாக ஒன்று, இவ்வளவு நேரமும் எழுதப் பயந்தது. அப்பா, இந்தப் பக்கத்தை நீங்கள் ஒளித்து வாசிப்பதாக அம்மா சொன்னார். மே மாதம் எங்கள் ஆட்களும் போரில் போனவர்களை நினைக்க இங்கே கூடுவார்கள். என்னோடு வாருங்கள். காருக்குள் இருக்க வேண்டாம். சித்தப்பாவின் பெயரை ஒரேயொரு தரம் நீங்கள் சொல்லுங்கள்.