மொட்டைமாடிக்குச் சுமந்த தண்ணீர்

எதிர் ஃப்ளாட்டில் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண்ணுக்குக் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. லிஃப்டுக்கும் எங்கள் கதவுகளுக்கும் நடுவே இருக்கும் கையகல இடத்தில் வாளியை வைத்துத் தண்ணீர் நிரப்பி, செங்கல் மாதிரி இறுக்கிக் கட்டியிருந்த தேங்காய் நார்த்தூளை அதில் போட்டாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஊறிப் பொங்கி விளிம்புக்கு வந்துவிட்டது. "அங்கிள், பால்கனியில செடி வைக்கப்போறேன். மண்ணு சுமக்க வேண்டா, தண்ணி சுமக்க வேண்டா. எல்லாம் ஈஸியாக்கும்" என்றாள். இந்த மலையாள ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்; பேச்சு மலையாளத்தில் ஒரு கால் வைத்துத்தான் நடக்கும். "நன்னா வரட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கூட இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். அந்த ஈர நார் வாசனை பேசவிடவில்லை.

அந்த வாசனை எனக்கு இதே ஊரில் ஸ்ரீவராகம் பகுதியில் நாங்கள் இருந்த பழைய வீட்டு மொட்டைமாடி. கல்யாணமான புதிதில் நானும் கோமதியும் அங்கே ஒரு வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரி பகவதி மாமி, நடுவில் நாங்கள், தலைக்கு மேலே வெயிலும் மழையும். எனக்கு ஒரு சர்க்கார் ஆபீஸில் தபால் அனுப்பும் பிரிவில் வேலை. கடிதத்தை மடித்துக் கவரில் போட்டு ஒட்டுவதில் என்னை மிஞ்ச அந்தக் கட்டிடத்திலேயே ஆள் கிடையாது. வேறு எந்தத் திறமையும் என்னிடம் இருந்ததாக மேலதிகாரிகள் யாரும் சொன்னதில்லை.

கோமதிக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. பேச்சு குறைவு. சிரிப்பு வந்தால் மட்டும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பற்றி நிறையச் சொல்ல ஆசைதான். ஆனால் நான் சொல்ல வந்தது அது நின்றுபோன வருஷத்தைப் பற்றி.

அவளுக்கு ஏழாம் மாசம். ஒருநாள் காலையில் நான் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது, "இன்னிக்கு லீவு போடப்படாதா? என்னமோ மாதிரி இருக்கு" என்றாள். ஆபீஸில் ஆடிட்காரர்கள் வந்திருந்தார்கள். "மத்தியானம் பெர்மிஷன் போட்டுண்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். மத்தியானம் வலி கண்டு, பகவதி மாமிதான் அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நான் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலமாகிவிட்டது. பெண் குழந்தை பிறந்திருந்தது. உள்ளங்கைக்குச் சற்றே பெரிசு. டாக்டர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். இரண்டு நாள் இருந்தது.

கோமதி இரண்டு மாசம் அம்மா வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். அழவில்லை. என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவும் இல்லை. சமையல் செய்தாள், பரிமாறினாள், கேட்டால் பதில் சொன்னாள். சொல்லாதது எல்லாம் வீட்டில் ஒரு மேஜை மாதிரி நடுவில் கிடந்தது. இரண்டு பேரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தோம்.

வந்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, தெருக்கோடியில் யாரோ வீடு கட்டி முடித்து எறிந்த சிமெண்ட் சாக்குகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து அலசிக் காயப்போட்டாள். பிறகு ஒவ்வொன்றையும் உள்பக்கம் வெளியே திருப்பினாள், கழுத்தை மடித்தாள், அடியில் தேங்காய் மட்டைகளைக் குழிவு மேலே பார்க்க அடுக்கினாள், மேலே மண்ணும் நார்த்தூளும் கலந்து கொட்டினாள். மட்டை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்குமாம். யாரிடம் கேட்டாளோ தெரியாது. ஒரு மாசத்தில் மாடியில் பதினெட்டு சாக்கு. வெண்டை, பாவல், பச்சைமிளகாய், சீரை என்று இங்கே சொல்கிற கீரை. காசு கொடுத்து வாங்கியது விதை மட்டும்தான். அரிசி களைந்த தண்ணீர், தேயிலைச் சக்கை, புளித்த மோர் எல்லாம் மாடிக்குப் போயின. கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து மூன்றாம் நாள் கரைப்பாள். அந்த நாற்றத்துக்கு மாமி கீழேயிருந்து, "எடி கோமதி, என்னாக்கும் செத்துக் கிடக்கு அங்கே?" என்று கத்துவாள்.

ஆனால் தண்ணீர்க் குழாய் கொல்லையில் இருந்தது. கொல்லையிலிருந்து மொட்டைமாடிக்கு முப்பத்தெட்டுப் படி. காலையில் எட்டு நடை, சாயங்காலம் எட்டு நடை, இரண்டு கையிலும் வாளியோடு கோமதி ஏறி இறங்கினாள். உடம்பு இன்னும் சரியாகத் தேறாதவள். நான் வாளியை வாங்கப் போனால், "இருக்கட்டும்" என்று விலகிக்கொள்வாள்.

பொறுக்க முடியாமல், அந்த வேலையைச் சுலபமாக்கும் யோசனைகளில் இறங்கினேன். முதலில் ஒரு பழைய கிணற்று உருளையைக் கைப்பிடிச் சுவர் மேல் கட்டி, கயிற்றில் வாளியைத் தூக்கினேன். மூன்றாவது வாளி பாதி வழியில் கவிழ்ந்து, மாமி கொல்லையில் உலர்த்தியிருந்த அப்பளம் அத்தனையும் மாவாகிவிட்டது. "அவ பாட்டுக்கு ஏறட்டும். நீ எதுக்காக்கும் இடையில சாடி விழறே?" என்றாள் மாமி. அடுத்து, நியாயமாக நன்றாகவே வேலை செய்த ஒன்று: வேஷ்டியைக் கிழித்துத் திரி திரித்து, ஒரு நுனியைத் தண்ணீர் வாளியிலும் மறு நுனியைச் செடியின் அடியிலும் புதைத்தேன். திரி வழியே ஈரம் தானாக நகர்ந்து போகும். கிழித்தது தீபாவளி வேஷ்டி என்பது மறுநாள்தான் தெரிந்தது. வேறு காலமாக இருந்தால் கோமதி அதற்கு ஒரு வாரம் சிரித்திருப்பாள். அன்றைக்குத் திரிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் துவைத்து, மடித்து வைத்துவிட்டு வாளியை எடுத்தாள்.

எனக்குப் புரியவில்லை. புரியாதபோது மனுஷன் இன்னும் மும்முரமாகிறான்.

ஆரியசாலையில் மருந்துக்கடை வைத்திருந்த சண்முகம் அண்ணாச்சிக்கு நாஞ்சில்நாட்டுப் பக்கம். அவர் கடையில் நான் புலம்பிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்தார். "சாமி, இது குளுக்கோஸ் ஏத்துற ட்யூப்பு. தேதி போயிட்டு, விக்க முடியாது. எங்க ஊர்ல தென்னங்கன்னுக்கு இதான் கட்டுதாங்க. சக்கரத்தத் திருவுனா சொட்டுக் கூடும், கொறையும். கொண்டு போங்க" என்றார். எனக்குத் தங்கப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. ஆபீஸ் காண்டீனில் காலி ஸ்குவாஷ் பாட்டில்களைச் சேகரித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோமதி கோவிலுக்குப் போன சமயம் பார்த்து வேலையை ஆரம்பித்தேன். துணிக்கொடியில் பாட்டில்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, மூடியில் ட்யூபைச் செருகி, ஒவ்வொரு சாக்குக்கும் ஒன்று. சின்னச் சக்கரத்தைத் திருகத் திருகச் சொட்டு நான் சொன்னபடி கேட்டது. ஒரு தடவை நிரப்பினால் ஒரு நாள் முழுக்கப் போதும். வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்று பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் என்றுகூட நினைத்தேன். அப்பேர்ப்பட்ட முட்டாள்.

கோமதி படியேறி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். கையிலிருந்த பிரசாத இலை கீழே விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. வரிசையாகத் தொங்கும் பாட்டில்களையும், ட்யூபில் விட்டுவிட்டு விழும் சொட்டுகளையும் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நாளில் அவள் கையில் குத்தியிருந்தது இதே ட்யூப்தான்.

"அன்னிக்கு இதைத்தான் பாத்துண்டிருந்தேன்" என்றாள். "இன்னும் நூறு சொட்டு விழறதுக்குள்ள வந்துடுவேள்னு நெனச்சுப்பேன். நூறு ஆயிடும். மறுபடியும் ஒண்ணுலேந்து ஆரம்பிப்பேன்."

நான் கைக்கு எட்டிய சக்கரத்தைத் திருகிச் சொட்டை நிறுத்தினேன்.

"உங்களுக்கு எப்போ தெரிஞ்சது?"

ஆறு மாசமாக அவள் கேட்காத கேள்வி. யாருமே கேட்காத கேள்வி. மாமி பக்கத்துக் கடையிலிருந்து ஃபோன் செய்து சொல்ல, ப்யூன் அதைச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். இதோ கிளம்பிவிடலாம், இந்த ஒரு ஃபைலை மட்டும் ஆடிட்டரிடம் காட்டிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கிளம்பியபோது நாலு மணி. சீட்டே சாயங்காலம்தான் கிடைத்தது என்று சொல்லிவிடலாம். தெரியவா போகிறது?

"ரெண்டு மணிக்கு" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு கொடியருகே போய்ப் பாட்டில்களை அவிழ்க்க ஆரம்பித்தாள். நானும் எதிர்முனையிலிருந்து அவிழ்த்தேன். நடுவில் வந்து சந்தித்தபோது, தலை நிமிராமல் சொன்னாள்: "நீங்க எல்லாத்தையும் சுலபமாக்கிடறேள். தண்ணியத் தூக்கிண்டு ஏறறச்சே மூச்சு வாங்கறது பாருங்கோ, அப்போ மட்டுந்தான் எனக்கு வேற எதுவும் தோணறதில்லை. அதையும் பிடுங்கிண்டா நான் என்ன பண்ணுவேன்?"

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் பேசவில்லை. தனியாகவே சுமந்தாள். மூன்றாம் நாள் காலை நான் கொல்லைக்குப் போனபோது படியடியில் ஒரு வாளி நிரம்பி நின்றுகொண்டிருந்தது. அவள் இன்னொரு வாளியோடு பாதிப் படி ஏறியிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் அந்த வாளியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஏறினேன்.

அப்படித்தான் முப்பத்தோரு வருஷம் ஏறினோம். இடவப்பாதி மழை கொட்டும் மாசங்களில் ஓய்வு. மற்ற நாளெல்லாம் ஆளுக்கொரு வாளி. வேறு குழந்தை பிறக்கவில்லை. மாடி மட்டும் நிறைந்துகொண்டே போனது. காய்ந்த இலையை மண்மேல் போர்த்தினால் பாதித் தண்ணீர் மிச்சமாகும் என்று அவள் கண்டுபிடித்தாள். சாக்கைச் செங்கல் மேல் தூக்கி வைத்தால் குனிய வேண்டாம் என்று நான் கண்டுபிடித்தேன். அதை அவள் ஒப்புக்கொண்டபோது எனக்குப் பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது. சிரிப்பும் ஒருநாள் திரும்பி வந்தது; பழைய அளவுக்கு இல்லை. எப்போது வந்தது, எதற்கு வந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளாமல் விட்டேனே என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

மன்னித்தாளா என்று கேட்பீர்கள். நான் கேட்கவில்லை. அவள் சொல்லவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மீன மாசத்து வெயிலில், கோமதி ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தாள். இந்தத் தடவை நான் பக்கத்தை விட்டு நகரவில்லை. அவள்தான் சாயங்காலமானால் துரத்துவாள். "போய்த் தண்ணி விட்டுட்டு வாங்கோ. வாடிடும்." வந்து தனியாகப் பதினாறு நடை ஏறி இறங்கிவிட்டு ஓடுவேன். "பாவக்கா பூ விட்டுதா?" என்பாள். விட்டிருந்தது. அவள் போன பிறகு நான் மாடிக்கு ஏறவில்லை. தண்ணீர் விடத் தெரியாதவனா நான்? கால் போகவில்லை. ஒரு வாரத்தில் எல்லாம் காய்ந்தது.

பகவதி மாமி அதற்கு முன்பே போய்விட்டாள். அவள் பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். நான் இந்த ஃப்ளாட்டுக்கு வந்தேன். போன மாசம் அந்தப் பக்கம் போனபோது அங்கே நாலு மாடி எழும்பி, உச்சியில் நீலத் தகரக் கூரை போட்டிருந்தார்கள். கொல்லை இருந்த இடத்தில் கார்கள். தெருவில் என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை.

இடம் போவது பெரிய விஷயமில்லை. ஊரில் எல்லாருக்கும்தான் போகிறது. எனக்குப் போனது வேறு. அந்தக் குழந்தைக்கு நாங்கள் பேர் வைக்கவில்லை. ஃபோட்டோ கிடையாது. வருஷத்தில் ஒரு தடவை, இன்ன நாள் என்று கிடையாது, செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருக்கும்போது கோமதி திடீரென்று, "மூக்கு உங்க மூக்கு" என்பாள். நான், "நெத்தி உன்னோடது" என்பேன். அதற்கு மேல் பேச மாட்டோம். ஆளுக்கொரு வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவோம்.

இப்போது அந்த முதல் வார்த்தையைச் சொல்ல ஆளில்லை. என் பதிலை மட்டும் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.