பார்சலுக்குள் ஓர் ஆணி

முத்துப்பேச்சி அக்கா வந்துவிட்டார் என்பதை அவர் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். தபால் ஆபீஸ் வாசலில் ஒரு டி.வி.எஸ். வண்டி வந்து நிற்கும், ஆனால் இன்ஜின் சத்தம் நிற்காது. ஓட்டி வந்த வேலுசாமி அண்ணன், அக்காவின் வீட்டுக்காரர், வண்டியை அணைத்தால் திரும்பக் கிளம்பாது என்ற பயத்தில் அதன் மேலேயே உட்கார்ந்திருப்பார். உள்ளே அவர் மனைவி என்னோடு சண்டை போட்டு முடிக்கும் வரைக்கும் பெட்ரோல் எரியும். அதைப் பற்றி அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

நான் ருக்சானா. திண்டுக்கல்லில் ஒரு தபால் ஆபீசில் பார்சல் கவுண்டரில் இருக்கிறேன். எனக்குப் பொறுமை கம்மி என்று ஆபீசில் எல்லோரும் சொல்வார்கள். பொறுமைசாலியை அந்த நாற்காலியில் உட்கார வைத்துப் பாருங்கள், ஒரே மாதத்தில் என்னைவிட மோசமாகக் கத்துவார்.

அக்காவுக்குக் குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கிராமம். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் ஆடு, எப்படிப் போனாலும் முருங்கை. வாரம் ஒருமுறை முருங்கைக்காய் மூட்டையோடு மார்க்கெட்டுக்கு வந்து, வியாபாரிகளை ஒரு வழி பண்ணிவிட்டு, மிச்சமிருக்கும் தெம்போடு என்னிடம் வருவார். ஒரே மகன் முகேஷ்குமார் பட்டாளத்தில் இருக்கிறான். எங்கேயோ வடக்கே பனிமலை உச்சியில். எங்கே என்று சொல்லக் கூடாதாம். விலாசத்திலும் ஊர் பேர் இருக்காது, படைப்பிரிவின் பேரும் ராணுவத் தபால் எண்ணும்தான்.

"ஊர் பேரே இல்லாத வெலாசத்துக்கு எப்புடித்தா போய்ச் சேரும்?" என்று முதல் பார்சலிலேயே ஆரம்பித்தார்.

"போகும்க்கா. நாங்க பாத்துக்கறோம்."

"நீ பாத்துக்குவே. நீ இங்கல்ல இருக்கே?"

இதற்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் பதில் கிடையாது.

அக்கா பார்சல் கட்டுவதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். முறுக்கு உடையாமல் இருக்கச் சுற்றிலும் பருப்புப் பொடிப் பொட்டலம், பொடி கசியாமல் இருக்க அதைச் சுற்றிக் கம்பளிச் சாக்ஸ், சாக்ஸுக்குள்ளே எள்ளுருண்டை. இடம் என்று ஒன்று மிச்சமிருந்தால் அதில் வறுத்த நிலக்கடலையைக் கொட்டிவிடுவார். பெட்டியைக் குலுக்கினால் சத்தமே வராது. நடுவில் மட்டும் ஒரு எவர்சில்வர் டப்பா. அதுதான் பார்சலின் உயிர். மற்றதெல்லாம் அதற்குத் துணைக்குப் போவதுதான்.

"உள்ள என்னக்கா?" என்று கேட்பேன். கேட்டே ஆக வேண்டும்.

"பலகாரம்."

எனக்கும் மூக்கு இருக்கிறது. வெயிலில் காயப்போட்டு நல்லெண்ணெயில் வறுத்த உப்புக்கண்டக் கறியின் வாசனை எத்தனை சுற்று டேப் ஒட்டினாலும் அடங்காது. பக்கத்துக் கவுண்டரில் ஸ்டாம்பு வாங்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் நான் கேட்டேன், அவர் சொன்னார், பலகாரம் என்று எழுதிக்கொண்டேன். ஒருநாள் எனக்கும் ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்தார். "உங்க பாய் கடையில அறுத்த கறிதான்த்தா, பயப்படாம தின்னு" என்றார். தின்றேன். அதற்குப் பிறகு அந்தப் பார்சல் மேல் எனக்குத் தனி மரியாதை வந்துவிட்டது.

முகேஷ் இருக்கும் உயரத்தில் பசியே எடுக்காதாம். டப்பாவில் அடைத்த சாப்பாடு, நாக்கில் வைத்தால் அட்டை மாதிரி இருக்குமாம். அம்மா அனுப்புகிற கறியைப் பிய்த்துச் சோற்றில் போட்டால்தான் நாலு வாய் இறங்கும் என்று அவனே போனில் சொல்லியிருக்கிறான். அதைச் சொன்ன நாளில் அக்கா ஒரு ஆட்டையே முடித்துவிட்டார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் மூட்டை முடிச்சு எதுவும் இல்லாமல் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"ஏத்தா ருக்சானா, எம்மகனுக்கு இனிமே பார்சலே அனுப்பக் கூடாதாம்."

விஷயம் இதுதான். புதிதாக வந்த சுபேதார் ஒருவர் எல்லாப் பார்சலையும் மெஷினில் விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அக்காவின் பெட்டி உள்ளே போயிருக்கிறது. திரையில் ஒரு உலோக டப்பா, டப்பாவுக்குள் ஒரு நீளமான ஆணி, ஆணிக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு கட்டி, சுற்றிலும் பொட்டலம் பொட்டலமாகப் பொடி. யார் பார்த்தாலும் என்ன நினைப்பார்கள்? ஆட்களை விலக்கிவிட்டு, பெட்டியைத் தூரமாகக் கொண்டுபோய் வைத்து, நாயைக் கூட்டிவந்திருக்கிறார்கள். நாய் மோந்து பார்த்துவிட்டுப் பெட்டிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டது. நாய் உட்கார்ந்தால் வெடிகுண்டு என்று அர்த்தமாம். முத்துப்பேச்சி அக்காவின் உப்புக்கண்ட வாசனைக்கு எந்த நாய்தான் எழுந்து போகும்?

கடைசியில் கவசம் போட்டுக்கொண்டு ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்தால், கறி.

அந்த ஆணியும் கரித்துண்டும் எதற்கென்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கறியோ கருவாடோ வீட்டை விட்டு வெளியே போனால் கூடவே ஒரு கரித்துண்டும் ஓர் இரும்பும் போகும். இல்லாவிட்டால் வாசனை பிடித்துக்கொண்டு காத்து கருப்பு பின்னாலேயே வந்துவிடும். எங்கள் அம்மா பேகம்பூரிலிருந்து என் வீட்டுக்கு பிரியாணி கொடுத்தனுப்பினாலும் தூக்குச்சட்டியின் மேல் ஒரு கரித்துண்டு இருக்கும். சாமி அவரவருக்கு வேறு, பேய் மட்டும் எங்களுக்குப் பொது.

இதையெல்லாம் சுபேதாரிடம் சொல்ல வேண்டிய முகேஷ், கூட இருப்பவர்கள் சிரிப்பார்களே என்று கூச்சப்பட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்று சொல்லித் தொலைத்திருக்கிறான். விளக்கம் கிடைக்கும்வரை அவன் பேருக்கு வீட்டுப் பார்சலே வரக் கூடாது என்று சுபேதார் சொல்லிவிட்டார்.

"நீ பேசுத்தா அந்த ஆபீசர்கிட்ட. உனக்குத்தான் அவுக பாஷை தெரியுமே."

முஸ்லிம் என்றால் உருது தெரியும் என்பது அக்காவின் முடிவு. எங்கள் வீட்டில் ஏழு தலைமுறையாகத் தமிழ்தான். எனக்குத் தெரிந்த இந்தி, இலாகா நடத்திய வகுப்பில் பாஸாகி வாங்கியது. 'தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது' என்று அதில் அழகாகச் சொல்வேன். பேயைப் பற்றி அந்த வகுப்பில் யாரும் பாடம் நடத்தவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து போன் போட்டோம். முகேஷ் எடுத்து, தயங்கித் தயங்கி சுபேதாரிடம் கொடுத்தான். ஸ்பீக்கரில் ஒரு கட்டைக் குரல். இதை யார் போட்டது, எதற்காகப் போட்டது என்று கேட்டார்.

"நாந்தேன் போட்டேன்னு சொல்லு. பேய்க்குன்னு சொல்லு."

பேய்க்காக என்று இந்தியில் சொன்னேன். அவர், "பேய்க்கு அனுப்பினீர்களா, முகேஷுக்கு அனுப்பினீர்களா?" என்று கேட்டார்.

கறி, வாசனை, ஆவி, இரும்பு என்று தெரிந்த வார்த்தைகளையெல்லாம் வரிசையாக அடுக்கினேன். ஒருவழியாக அவருக்குப் புரிந்தது, கோபமும் வந்தது. "அம்மா, இங்கே சுற்றிலும் பனி. எதிரே எதிரி. எப்போது எது மேலே விழும் என்று எங்களுக்கே தெரியாது. இதில் பேய்க்குப் பயந்து ஆணி அனுப்புகிறீர்களா?" என்றார். அப்படியே தமிழில் சொன்னேன்.

அக்கா போனை என் கையிலிருந்து பிடுங்கி வாய்க்கு நேராக வைத்துக்கொண்டார். "ஐயா, குண்டுக்கு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாது. பனிக்கு என்ன செய்யணும்னும் தெரியாது. எங்க ஆத்தா எனக்குச் சொல்லிக் குடுத்தது காத்து கருப்புக்கு மட்டுந்தேன். தெரிஞ்ச ஒண்ணையாச்சும் நான் செய்ய வேண்டாமா?"

போனை என்னிடம் நீட்டினார். இதை நான் எப்படியோ சொல்லிவிட்டேன். இலக்கணம் இருந்திருக்காது. சுபேதார் தொண்டையைச் செருமிக்கொண்டு, பார்சல் அனுப்பலாம் என்றார். இரும்பு கூடாது, கரி கூடாது, மற்றதெல்லாம் வரலாம், இது உத்தரவு என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

நான் ஜெயித்துவிட்ட மிதப்பில் அக்காவைப் பார்த்தேன். அவர் முகம் இன்னும் சுருங்கிப் போயிருந்தது.

"கறிய வெறுமனேயா அனுப்பச் சொல்றாரு? அம்புட்டுத் தூரத்துக்கா?"

"அங்க எல்லாரும் துப்பாக்கியத் தோள்ல போட்டுட்டு நிக்கிறாங்கக்கா. அதெல்லாம் இரும்புதானே?"

"அங்க சரித்தா. வழியில?"

"வழியில மட்டும் என்ன? எங்க வேன் இரும்பு. ரயில் இரும்பு, தண்டவாளம் இரும்பு. அதுக்கு மேல பிளேன்ல போகுது, அதுவும்..."

"பிளேனு அலுமினியம்ல" என்றது ஒரு குரல். வேலுசாமி அண்ணன். வண்டியை அணைத்துவிட்டு எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். இத்தனை மாதங்களில் அவர் பேசி நான் கேட்டது அன்றுதான். அதையும் இந்த நேரம் பார்த்தா பேச வேண்டும்?

இரண்டு வாரம் அக்கா முருங்கைக்காயை மட்டும் விற்றுவிட்டுத் திரும்பிப் போனார். மகன் மெலிந்துவிட்டான் என்று போன் படத்தைக் காட்டினார். மூன்றாவது வாரம் பெட்டி வந்தது. தராசில் வைத்தார், கையை எடுக்கவில்லை.

"கைய எடுங்கக்கா, எடை தப்பா காட்டுது."

"செத்த நேரம் இரு."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஒருவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். நான் அவரை ஒரு முறை முறைத்தேன். அக்கா உதட்டுக்குள் ஏதோ சொல்லிவிட்டுக் கையை எடுத்தார்.

அதற்குப் பிறகு பார்சல் எங்கே போயிருக்கிறது என்று கேட்டு தினமும் போன். ராணுவத் தபாலில் சேர்ந்த பிறகு எனக்கும் ஒன்றும் தெரியாது என்று தினமும் சொன்னேன். தினமும் திட்டு வாங்கினேன். மார்க்கெட் நாளில் நேரிலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள்தான் அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"வந்துருச்சும்மா. அம்புட்டும் காலி. சுபேதார் சாபும் ரெண்டு தடவ எடுத்துக்கிட்டாரு."

"உனக்கு ஒண்ணும் ஆகலையே அப்பு? காய்ச்சக் கீச்சல்?"

"எனக்கென்னம்மா? கல்லு மாதிரி இருக்கேன்."

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கவுண்டருக்குள் இருந்தபடியே கத்தினேன். "பாத்தீங்களாக்கா? ஆணி இல்லாமலே பத்திரமாப் போய்ச் சேந்துருச்சு! நான்தான் சொன்னேன்ல?"

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். போனை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இத்தனை மாதப் பழக்கத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"அப்ப அந்த ஆணி ஒண்ணுமே செய்யலையா ருக்சானா? அது இருக்குன்னுதானேத்தா இம்புட்டு நாளும் ராவுல தூங்குனேன். இனிமே எத நம்பித் தூங்க?"

எழுந்து, கவுண்டரில் 'மூடப்பட்டுள்ளது' பலகையை வைத்துவிட்டு வெளியே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். போடட்டும் என்று விட்டுவிட்டேன்.