துண்டு போர்த்திய திரை

தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ்ஸில் அச்சு மாற்றும்போது மெயின் மின்சாரத்தை நிறுத்தி, ஃபியூஸைப் பிடுங்கி, மாற்றுகிறவர் அதைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இது எங்கள் தொழிற்சாலையின் பராமரிப்பு விதி. தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, கண்ணாடி போட்டு, பிரஸ்ஸுக்கு எதிரே மாட்டியவன் நான்.

கும்மிடிப்பூண்டியில் அந்த விதி சுவரை விட்டு இறங்கியதில்லை. மெயினை நிறுத்தினால் பிரஸ்ஸை இயக்கும் எண்ணெய் மறுபடி சூடேற முக்கால் மணி நேரமாகும். அதனால் பிரஸ்ஸை ஓட்டும் கணினியில் ‘நிறுத்தி வை’ என்று கொடுத்துவிட்டு, அதன் திரைமேல் தங்கள் துண்டைப் போர்த்திவிட்டு பிரஸ்ஸுக்குள் கை விடுவார்கள். துண்டு கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று பொருள். நானும் கண்டுகொள்ளவில்லை.

“ஃபியூஸ் எங்கப்பா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“டவலு போட்டுகீறேன் சார். எவனா கீபோர்டைத் தொட்டா கைய ஒடச்சிற மாட்டேன்?” என்றார் பொன்னேரியிலிருந்து வரும் அச்சு மாற்றுகிறவர்.

பிரஸ்ஸை ஓட்டும் நிரலை எழுதியவன் நான். அதன் கணக்குகளைத் திரையில் காட்ட ஒரு சிறு மென்பொருள் கருவி வாங்கினோம். அதை நிறுவியதும், ஃபிரேம்வொர்க் என்று நான் கேட்காத ஓர் அடித்தள மென்பொருளும் கூடவே வந்து உட்கார்ந்தது. அது இல்லாமல் கருவி ஓடாது என்றார்கள் விற்றவர்கள். அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு கணினியை அணைத்து எழுப்பும் என்பதைச் சொல்லவில்லை.

ஒரு மதியம் அது அப்படியே செய்தது. ஐந்து நிமிடம் முன்பே எச்சரிக்கை காட்டியிருக்கிறது, துண்டுக்கு அடியில். கணினி எழுந்ததும் என் நிரல் எழுந்தது. எழுந்தவுடன் பிரஸ்ஸைக் கீழ் எல்லைவரை இறக்கிச் சரிபார்க்கும். அந்த வரியும் என்னுடையதுதான்.

உள்ளே கை விட்டிருந்த பொன்னேரிக்காரரின் மூன்று விரல்கள் அச்சோடு நசுங்கின. அலறல் பிரஸ் சத்தத்துக்கு மேலே கேட்டது.

அவருடைய மச்சானும் அதே ஷிப்ட். என் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

“டவலு கீதுல்ல? எவன்யா தொட்டது?”

“யாரும் தொடலப்பா.”

“அப்போ இன்னா, பேயா தொட்டுச்சு?”

அறைந்தான். ஒரு பல் ஆடியது. எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. சம்மட்டியை எடுத்து அந்தக் கணினியைத் தகடு தகடாகப் பிரியும்வரை அடித்தேன். நிறுவனச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கான மெமோ அன்று மாலையே வந்தது. அந்த வேகத்தை அங்கே வேறெதிலும் நான் கண்டதில்லை.

காரணம் தெரிந்ததும், ஃபிரேம்வொர்க் இருக்கும்வரை பிரஸ்ஸில் கை வைக்கமாட்டோம் என்று ஷிப்ட் ஆட்கள் எல்லோரும் வெளியே நின்றார்கள். கருவியையே கைவிட்டு, புதுக் கணினியில் பழைய நிரலை ஏற்றினேன். அந்தக் கீழ் எல்லை வரியை நீக்கிவிட்டுத்தான். பிறகு விற்றவர்களுக்குப் பதிவுத் தபாலில் ஒரே கேள்வி கேட்டேன்: ஃபிரேம்வொர்க் இல்லாத பதிப்பு உண்டா?

நான்கு நினைவூட்டல்கள் அனுப்பினேன். அதற்குள் அடிபட்டவர் கட்டை விரலும் சுண்டு விரலும் கொண்டு சட்டைப் பொத்தான் போடப் பழகியிருந்தார்.

உண்டு, நீங்கள் வாங்கிய அதே குறுந்தகட்டில், இரண்டாவது ஃபோல்டரில், என்று எழுதியிருந்தார்கள். கடிதம் வந்தது மறு வருடம் போகியன்று.