ரொட்டி சுடத் தெரியாத வண்டிக்காரி

பெர்மீலியாவைப் பற்றி எங்கள் பள்ளத்தாக்கில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கரடியைச் சாட்டையால் அடித்து விரட்டினாள் என்கிறார் ஒருவர். கரடி அவளைப் பார்த்துத் தானாகவே ஓடியது என்கிறார் இன்னொருவர். இரண்டும் பொய். மிசூரியிலிருந்து ஓரெகான் வரைக்கும் அவளோடு ஒரே வண்டித்தொடரில் புழுதி தின்றுகொண்டே வந்தவள் நான். வழியில் கரடியே வரவில்லை.

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. எனக்கு அவளைவிட மூன்று வயது குறைவு. எல்லோரும் அவளை மீலியா என்றுதான் கூப்பிடுவோம். சிறுவயதிலேயே தாயை இழந்தவள். அவள் அப்பா ஆற்றுத்துறையிலிருந்து ஊருக்குள் சரக்கு ஏற்றிச் செல்லும் மாட்டு வண்டிக்காரர். மகளையும் வண்டியிலேயே வைத்து வளர்த்தார். சாப்பாடு வழியிலுள்ள விடுதிகளில். அதனால் எந்த மாட்டுக்கு எந்தக் காலில் வலி என்று நடையைப் பார்த்தே சொல்வாள். உலையில் எப்போது உப்புப் போடுவது என்று கேட்டால் விழிப்பாள்.

அப்பா காலராவில் போய்ச் சேர்ந்ததும், சித்தப்பா மாடுகளை விற்றுவிட்டு அவளையும் ஒரு மாவு ஆலைக்காரருக்குக் கட்டிவைக்கப் பார்த்தார். ஆலைக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் பெண் பார்க்க வந்த அன்று, கல்யாணமான மறுநாளிலிருந்து தனக்கு எந்தெந்த வேளைக்கு என்னென்ன பலகாரம் வேண்டும் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். அந்த வாரமே மீலியா மேற்கே குடியேறப் போகும் வண்டிகள் கூடும் மைதானத்துக்கு வந்துவிட்டாள்.

அங்கே கிரிம்ஸ்லி சகோதரர்கள் சமையலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஜெப்தா, தாடி வைத்த சாது. யார் எது சொன்னாலும் நம்புவார். தம்பி வைலி நேர் எதிர். தன் பெயரைச் சொன்னால்கூட ஒரு தடவை யோசிப்பான்.

"சமைக்கத் தெரியுமாம்மா?" என்று ஜெப்தா கேட்டார்.

"எங்கப்பா என் சமையலை ஒரு நாள்கூட குறை சொன்னதில்லைங்க" என்றாள் மீலியா.

அது சத்தியமான வார்த்தை. அவருக்குக் குறை சொல்ல வாய்ப்பே கிடைத்ததில்லை.

கல்யாணமாகாத இரண்டு ஆண்களோடு ஒரு பெண் தனியாகப் போவதா என்று என் அம்மா கூச்சல் போட்டு, அவளை எங்கள் வண்டியில் என் பக்கத்தில் படுக்கவைத்தாள். சமையல் மட்டும் அவர்களுக்கு.

முதல் நாள் ரொட்டியை எல்லோரும் பார்த்தோம். இரும்புச் சட்டியில் மாவை வைத்து, மூடியின் மேலும் தணல் போட்டுச் சுடுவது எங்கள் வழக்கம். மீலியா தணலைக் கஞ்சத்தனம் இல்லாமல் போட்டாள். வெளியே வந்தது கருப்பாக, உருண்டையாக, கனமாக இருந்தது. வைலி அதை வாங்கிச் சுண்டிப் பார்த்தான். பிறகு எழுந்துபோய் வண்டிச் சக்கரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்தான். வண்டி அசையவில்லை.

"அண்ணே, நல்ல சாமான்! மலை இறங்கும்போது ஒரு டஜன் வேணும்."

"சும்மா இருடா" என்றார் ஜெப்தா. தன் பங்கைக் காப்பியில் ஊறவைத்து, ஊறவைத்து, கடைசித் துண்டு வரை தின்றார். "பல்லுக்கு நல்லதும்மா" என்றார். கிண்டல் இல்லை, அவருக்குக் கிண்டல் வராது. வைலியின் கேலிக்குக் கலங்காத மீலியா, இந்த வார்த்தைக்குத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்படியே நாலைந்து நாள் போயிற்று. ஒருநாள் மழையில் ஓர் ஓடைக்கரைச் சேற்றில் புரூயிட் குடும்பத்தின் வண்டி சிக்கிக்கொண்டது. புரூயிட்டுக்குக் குளிர்காய்ச்சல், வண்டிக்குள் போர்வைக் குவியலாகக் கிடந்தார். அவர் மனைவி டார்கஸ், நல்ல பருமனான பெண்பிள்ளை, சேற்றில் நின்று மாடுகளுக்கு வேதவசனம் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். மாடுகள் கேட்பதாக இல்லை.

மீலியா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். முன் ஜோடியின் நுகத்தடியைக் கொஞ்சம் நகர்த்தினாள். இடது மாட்டின் காதருகே ஏதோ சொன்னாள். சாட்டையை ஒருமுறை காற்றில் சொடுக்கினாள். மாட்டின் மேல் படவே இல்லை. வண்டி சளக்கென்று கரையேறியது.

"அடியே, நீ தினமும் என் வண்டியை ஓட்டுவியா?" என்று டார்கஸ் அங்கேயே கேட்டாள். "உனக்கு என்ன வேணுமோ கேளு."

மீலியா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, உங்களுக்கு ரொட்டி நல்லா வருமா?"

அன்றிலிருந்து கிரிம்ஸ்லி அடுப்பில் அற்புதம் நடந்தது. மீலியா விடியற்காலையில் அடுப்பெரிக்கக் காட்டெருமை வறட்டி பொறுக்கப் போவாள். திரும்பும்போது அவள் மேலுடுப்பின் மடிப்பில் வறட்டியோடு, சுத்தமான துணியில் சுற்றிய சூடான ரொட்டியும் இருக்கும். எனக்கும் என் அம்மாவுக்கும் தெரியும். வைலிக்கும் மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. ஆனால் தின்கிற வாய் அவனுக்கும் இருந்தது.

தெரியாதவர் ஜெப்தா ஒருவர்தான். அவள் புரூயிட் வண்டியை ஓட்டுவது நோயாளிக்குச் செய்யும் உதவி என்று நம்பினார். அவர் பெருமை தாங்காமல் முகாமெல்லாம் சொல்லித் திரிந்தார். வண்டித்தொடரின் தலைவரைச் சாப்பிடக் கூப்பிட்டார். மறுநாள் வேறு இரண்டு குடும்பங்களைக் கூப்பிட்டார். டார்கஸ் மூன்று சட்டி போட்டுச் சுடவேண்டியதாயிற்று.

"உன் முதலாளி என்ன, ஊருக்கே விருந்து வைக்கிறாரா?" என்று அவள் மாவுக் கையோடு மீலியாவிடம் சீறிக்கொண்டிருந்தபோது, ஜெப்தாவே அங்கு வந்து நின்றார். கையில் துணி மூடிய ஒரு தட்டு.

"உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லைன்னாங்க. மீலியா சுட்ட ரொட்டி. கொஞ்சம் கொடுங்க, வாய்க்கு ருசியா இருக்கும்."

டார்கஸ் தட்டையே பார்த்தாள். அன்று காலை அவளே சுட்டது.

"நீங்களும் இவகிட்ட கேட்டுக் கத்துக்கலாமே" என்றார் ஜெப்தா கனிவாக. "ஒளிக்காம சொல்லிக்கொடுப்பா. நல்ல மனசு."

நான் எங்கள் வண்டிக்குப் பின்னால் ஓடிப்போய் வாயில் பாவாடை நுனியை அடைத்துக்கொண்டேன். டார்கஸ் பெரிய மனசுக்காரி. "அப்படியா? சொல்லிக்கொடும்மா மீலியா. மாவை எவ்வளவு நேரம் பிசையணும்?" என்று கேட்டாள்.

"அது… மாவைப் பொறுத்துதான் அக்கா."

"பார்த்தீங்களா? அனுபவம்!" என்றார் ஜெப்தா.

பிளாட் ஆறு முடிந்து, மலைகள் வந்து, பாம்பாற்றின் கரையோரம் பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்தோம். புரூயிட்டுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அவர்கள் கலிபோர்னியா பக்கம் திரும்பினார்கள். டார்கஸ் மீலியாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். ரொட்டி மாவு பொங்க உறை ஊற்றும் புளித்த மாவு ஒரு ஜாடி கொடுத்து, "இதை உயிரோட வச்சுக்கோ. சூடும் ஆகாது, குளிரும் ஆகாது. கன்னுக்குட்டி மாதிரி பார்த்துக்கோ" என்றாள். கன்றுக்குட்டியாக இருந்திருந்தால் மீலியா காப்பாற்றியிருப்பாள். அது மாவு. நண்பகல் வெயிலில் பொங்கி வழிந்து, வைலியின் ஒரே நல்ல சட்டையைக் கெடுத்துவிட்டுச் செத்தது.

மறுநாள் பழைய கருங்கல் திரும்பிவந்தது.

ஜெப்தா கடித்தார். தாடையைத் தடவிக்கொண்டார். "இந்த ஆத்துத் தண்ணி சரியில்லம்மா" என்றார். அதற்கடுத்த நாள் மாவில் ஈரம் ஏறிவிட்டது என்றார். மூன்றாம் நாள் மலைக்காற்று மேல் பழிபோட்டார். தலைவர் வந்து லேசாகச் சிரித்தபோது, ஜெப்தா முதல்முறையாகக் குரல் உயர்த்தினார்: "உயரமான இடத்துல யார் சுட்டாலும் இப்படித்தாங்க வரும்! கீழே இறங்கட்டும், அப்ப பாருங்க அவ கைப்பக்குவத்தை!"

அதை மீலியாவால் தாங்க முடியவில்லை. எல்லோரும் போனபின் அவர் முன்னால் போய் நின்றாள்.

"முதலாளி, காத்துமேல தப்பில்ல. எனக்கு ரொட்டி சுடத் தெரியாது. எப்பவுமே தெரியாது. அதெல்லாம் டார்கஸக்கா சுட்டது. நான் அவங்க வண்டியை ஓட்டினேன், அவங்க எனக்குச் சுட்டுக் கொடுத்தாங்க. என்னை இங்கேயே இறக்கி விட்டுட்டாலும் சரிதான்."

ஜெப்தாவின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறி, தாடிக்குள் புகுந்து, நெற்றிக்கு வந்தது.

"அந்தம்மாகிட்டயே போய்…" என்றார் மெதுவாக. "கத்துக்கோங்கன்னு… நான்…"

வைலி தரையில் விழுந்து புரண்டு சிரித்தான். ஜெப்தா எழுந்துபோய் மாடுகளின் நடுவே நின்றுகொண்டார். அவர் கோபம் மீலியா மேல் இல்லை; கலிபோர்னியா போகும் பாதையில் ஒரு பெண்பிள்ளை இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பாளே என்பதுதான் அவரை வாட்டியது.

மறுநாள் விடிந்ததும் அவரே சட்டியை எடுத்தார். என் அம்மாவிடம் கேட்டுக் கேட்டுப் பிசைந்தார். முதல் ரொட்டி கருகியது. இரண்டாவது நடுவில் வேகவில்லை. மூன்றாவதை வைலி கேட்டு வாங்கித் தின்றான். மாடுகளை மீலியா எடுத்துக்கொண்டாள். யாரும் பேசி முடிவு செய்யவில்லை, அப்படி ஆகிவிட்டது.

கடைசி மலைச்சரிவு எங்களுக்கெல்லாம் மறக்காது. கூரைபோல் செங்குத்து. சக்கரங்களைச் சங்கிலியால் கட்டி, வேகம் தணிய வண்டிக்குப் பின்னால் ஒரு மரத்தை வெட்டிக் கட்டி இழுத்துவரவேண்டும். மீலியா முன்மாடுகளுக்கு எதிரே பின்னோக்கி நடந்தபடி, தாலாட்டுவது போலப் பேசிக்கொண்டு இறங்கினாள். ஜெப்தாவும் வைலியும் பின்னால் கயிறு பிடித்தார்கள். பாதி வழியில் மரம் கட்டியிருந்த கயிறு அறுந்தது. வண்டி மாடுகளை நெட்டித் தள்ளிக்கொண்டு பாய்ந்தது. வைலி தெறித்து விழுந்தான்.

"கயித்த விடுங்க முதலாளி! விடுங்க!"

ஜெப்தா விடவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே கல்லிலும் வேரிலும் இழுபட்டு வந்தார். மீலியா ஓடவில்லை. முன்மாட்டின் கொம்பைப் பிடித்து, கத்தி, மேட்டுப் பக்கமாகத் திருப்பினாள். மாடுகள் திரும்பின. சக்கரம் ஒரு அடிமரத்தில் மோதி நின்றது. வண்டியின் பாதி பள்ளத்துக்கு மேல் தொங்கியது.

பிறகு ஜெப்தா எழுந்து, மேல்சட்டையைக் கழற்றி இடுப்பைச் சுற்றிப் பின்புறமாகக் கட்டிக்கொண்டார்.

"விடச் சொன்னா விடணும்" என்றாள் மீலியா. "கால்சட்டையாவது மிஞ்சியிருக்கும்."

"முன்னாடி நீ நின்னுட்டிருந்தியேம்மா" என்றார் அவர். "எப்படி விடறது?"

மீலியா மாட்டின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மேலேறி வந்து, எங்கள் வண்டியையும் இறக்கிக் கொடுத்தாள்.

அந்தக் குளிர்காலம் அவள் எங்கள் மரக்குடிசையில் தங்கினாள். ஜெப்தா மழையென்றும் பாராமல் தினமும் என் அம்மாவுக்கு ரொட்டி கொண்டுவந்தார். "எனக்காகத்தான் நனைஞ்சுட்டு வரான்னு நம்புற அளவுக்கு எனக்கு இன்னும் புத்தி கெடல" என்றாள் அம்மா.

மீலியா ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள். யார் சொல்வது பாருங்கள்!

"அப்ப நாளைக்கும் வரேன்" என்றார் அவர்.

கடைசியில் அவள்தான் பேச்சை எடுத்தாள். "எனக்கு வண்டி வேணும், மாடு வேணும். அடுப்புப் பக்கம் வரமாட்டேன். சம்மதமா?"

"அடுப்புப் பக்கம் வந்தாத்தான் எனக்குச் சம்மதமில்ல" என்றார் ஜெப்தா.

வசந்தத்தில் கல்யாணம் ஆயிற்று. மீலியா படகுத்துறையிலிருந்து பள்ளத்தாக்குக்குச் சரக்கு ஏற்றினாள்; அவர் வயலையும் அடுப்பையும் பார்த்துக்கொண்டார். புதிதாக வந்த பாதிரியார் முதல்முறை அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, வீட்டுக்காரி மாட்டுச் சாணம் ஒட்டிய காலணியோடு மேசையில் குடும்பத்தலைவர் உட்காரும் இடத்தில் உட்கார, வீட்டுக்காரர் பரிமாறியதைக் கண்டு ஜெபத்தைப் பாதியில் மறந்துவிட்டார். ஆனால் தட்டை வழித்துச் சாப்பிட்டார். அடுத்த ஞாயிறும் வந்தார்.

அவர்களுடைய மகள் காரலைனுக்கு மாடும் பிடிக்காது, மாவும் பிடிக்காது. இப்போதுதான் ரயில் வந்துவிட்டதே, கிழக்கே போய் மிசூரியைப் பார்க்கவேண்டும் என்கிறாள். போன வாரம் நான் போயிருந்தபோது வீட்டில் அதே பேச்சுதான். ரயிலில் உட்கார்ந்தபடியே சாப்பாடு வாங்கிக்கொள்ளலாமாம். ஜெப்தா அதை நம்பவில்லை. வாழ்நாளில் அவர் நம்பாத முதல் விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். மகளுக்கு வழியில் தின்ன ஒரு கூடை ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். மீலியா அவளை வாசலுக்கு இழுத்துப்போய், பெட்டியை எந்தப் பக்கம் கட்டினால் ரயிலடிக்குப் போகும் வண்டி சாயாது என்று காட்டிக்கொண்டிருந்தாள்.