ஆடாத லென்ஸ்

மருந்துக்கடையில் பில் போடுகிறவளுக்கு மனிதர்கள்மேல் பெரிய மரியாதை இருக்க வாய்ப்பில்லை. டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் படித்து, மாத்திரை அட்டையை நாலாக வெட்டித் தரச் சொல்லிச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, அவள் உதட்டோரம் ஒரு சுழிப்பு நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. தூங்கும்போதுகூட அது போகாது என்பாள் மகள்.

அவள் கணவன் செல்போன் டவர்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். ஒரு பட்டை சிவப்பு, ஒரு பட்டை வெள்ளை. கல்யாணமான நாளிலிருந்து அவன் வேலை செய்வதை அவள் பார்த்ததில்லை. அண்ணாந்தாலே அவளுக்கு உள்ளங்கால் கூசும். "பெல்ட் இருக்கு, கொக்கி இருக்கு. தொட்டில்ல கிடக்கிற மாதிரி" என்பான் அவன். உலகத்தில் ஒருத்தர் சொல்வதையும் நம்பாதவள் இதை மட்டும் நம்பிவிட்டாள்.

கடைக்கு எதிர்ச்சாரியிலிருந்த டவரிலேயே ஒரு நாள் அவனுக்கு வேலை வந்தது.

"அப்பா மேல நிக்கிற மாதிரி ஒரு போட்டோகூட நம்மகிட்ட இல்லையேம்மா" என்றாள் மகள். அதுவும் சரிதான் என்று பட்டது. அண்ணன் கழித்துப் போட்ட கேமரா ஒன்று வீட்டில் கிடந்தது. மதிய இடைவேளையில் அதை எடுத்துக்கொண்டு போய்ப் படமெடுத்தாள். டவர் முழுசாக வந்தது. உச்சியில் ஒரு புள்ளி.

"இது அப்பாவா, காக்கா எச்சமா?" என்றாள் மகள்.

அண்ணனிடம் யோசனை கேட்டாள். அது அவள் செய்த தவறு. அண்ணனுக்குப் பறவைகளைப் படமெடுக்கிற ஒரு கூட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஏரிக்கரையில் கூடுவார்கள். ஆளுக்கொரு லென்ஸ், ஒவ்வொன்றும் குடம் பருமன். பொழுது சாயும்வரை யாருடைய குடம் பெரிது என்று பேசிவிட்டு, கொக்கை ஒருத்தரும் பார்க்காமல் வீடு திரும்புவார்கள். கொக்குக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

"எஃப் டூ பாயின்ட் எய்ட் இல்லாததெல்லாம் ஒரு லென்ஸாம்மா?" என்றான் அண்ணன். "வெளிச்சம் கம்மியானா படுத்துடும்."

"ராத்திரில எவன் டவருக்குப் பெயிண்ட் அடிக்கிறான்? நான் உச்சி வெயில்ல எடுக்கப் போறேன்."

"வாங்கினா நல்லதா வாங்கணும். லோன் போட்டுக்கலாம்."

"லென்ஸுக்கு லோன் போட்டவங்க மூஞ்சியெல்லாம் உன் ஏரிக்கரையில பாத்துட்டேன்."

கடைசியில் அலமாரியிலிருந்து ஒரு பழைய நீள லென்ஸை அலட்சியமாக எடுத்துக் கொடுத்தான். அதைப் போட்டுப் பார்த்தாள். தூரம் கிட்டே வந்தது, ஆனால் நிற்கவில்லை. அண்ணாந்து பார்க்கிற பயத்தில் அவள் கை நடுங்க, அந்த நடுக்கத்தை லென்ஸ் பத்து மடங்காக்கிக் காட்டியது. எடுத்த படங்களிலெல்லாம் கணவனுக்கு இரண்டு மூன்று தலை.

"உனக்குக் கை ஆடுது. டிரைபாட் வெச்சு எடு" என்றான் அண்ணன்.

"பிளாட்பாரத்துல மூணு கால் ஊனி நின்னா, பஸ்ஸுக்கு நிக்கிறவனெல்லாம் என்ன சர்வேன்னு கேப்பான். கை ஆடினா தாங்கிக்கிற லென்ஸ் ஒண்ணும் கிடையாதா?"

"இருக்கு. சும்மா டூரிஸ்ட்டுங்க வாங்குறது."

அவளுக்கு வேண்டியது அதுதான் என்று அப்போதே புரிந்துவிட்டது. மறுநாள் கேமராக் கடைக்குத் தனியாகப் போனாள். கடைக்காரர் எடுத்த எடுப்பில் மேல்தட்டைக் காட்டினார்.

"மேல போகாதீங்க" என்றாள். "முந்நூறு எம்எம் வரைக்கும் இழுக்கணும், நடுக்கம் தாங்கணும், இந்தக் கேமராவுல மாட்டணும். வேற ஒண்ணும் வேணாம். பழசா இருந்தாலும் சரி."

அவர் முகம் சுருங்கியது. ஒருவர் பயன்படுத்திய லென்ஸ் ஒன்றை வேண்டாவெறுப்பாக எடுத்து வைத்தார். பக்கவாட்டில் சின்ன சுவிட்ச். அதை அணைத்துவிட்டு எதிர் மாடியின் பெயர்ப்பலகையைப் பார்த்தாள். எழுத்துகள் துள்ளின. சுவிட்சைப் போட்டுப் பொத்தானைப் பாதி அழுத்தினாள். யாரோ முழங்கையைப் பிடித்துக்கொண்டதுபோல எழுத்துகள் அடங்கி நின்றன.

"ஃபோகஸ் கொஞ்சம் மெதுவா வரும்" என்றார் கடைக்காரர், கடைசி முயற்சியாக.

"எங்க வீட்டுக்காரரும் மெதுவாதான்."

அன்று மதியமே டவரடியில் நின்று எடுத்தாள். உச்சியில் அவன், வாயில் பிரஷ், நெற்றியில் சிவப்புத் தீற்றல். சட்டைப் பொத்தான்வரை தெரிந்தது. முதல்முறையாக அவள் பயம் மறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் கடையில் கூட்டம் குறைந்தபோது திரையில் பெரிதாக்கினாள். இடுப்பில் பெல்ட் இருந்தது. கொக்கி எதிலும் மாட்டப்படாமல் தொடைப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாப் படத்திலும் அப்படியே.

இரவுச் சாப்பாட்டின்போது கேமராவை அவன் தட்டருகே வைத்தாள்.

அவன் இடது கையால் அதை இழுத்துப் பார்த்தான். "ரெண்டு அடிக்கு ஒருதரம் கழட்டி மாட்டினா வேலை எப்படி ஓடும்?" என்றான்.

"இத்தனை வருஷம் தொட்டில்னு சொன்னீங்களே."

"உன்னைப் பயமுறுத்த வேணாம்னுதான்."

"நல்ல மனசு. விழுந்தபிறகு சொல்லலாம்னு இருந்தீங்களா?"

மறுநாள் படங்களைப் பிரின்ட் போட்டு, அவனுக்கு வேலை கொடுக்கும் கான்ட்ராக்டரிடம் கொண்டுபோனாள். அவர் குளிர்பதன அறையில், இதுவரை எந்த ஏணியும் ஏறாத வெள்ளைச் சட்டையில் இருந்தார். படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அருமையா எடுத்திருக்கீங்கம்மா. எங்க காலண்டருக்குத் தர்றீங்களா? கீழ 'பாதுகாப்பே எங்கள் மூச்சு'ன்னு போட்டுக்கலாம்."

அவள் கொக்கியை மட்டும் பெரிதாக்கிய பிரின்ட்டை அதன்மேல் வைத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"இதை மட்டும் கம்ப்யூட்டர்ல அழிச்சிட முடியுமா?"

"முடியும். இவர் விழுந்தா இவரையும் அழிச்சிடலாம். அப்புறம் உங்க காலண்டர்ல சுத்தமா வெறும் டவர் மட்டும் இருக்கும்."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. படத்தை இன்னும் யாரிடம் காட்டியிருக்கிறாள் என்று கேட்டார். அவள் பிரின்ட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தாள். மனசாட்சிக்குக் கேட்காதது பயத்துக்குக் கேட்டது. அடுத்த வாரமே ஆளுக்கு இரண்டு கொக்கி வைத்த பெல்ட் வந்தது. ஒன்றைக் கழற்றும்போது மற்றது பிடித்திருக்கும். மாட்டாதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை.

கூட வேலை செய்கிறவர்கள் அவனைக் கேலி செய்தார்கள். வேலை பாதியாகக் குறைந்துவிட்டது, எல்லாம் உன் பெண்டாட்டியால் வந்தது என்றார்கள். அவன் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவள் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. பேசாத மனிதனுக்கும் தட்டு நிறையச் சோறு போட்டாள். அவனும் கோபத்தோடே இரண்டாம்முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.